நோட்டுப் போட்டு வந்த பயணம்

ராமநாதபுரத்தில் ஒரு வீடு இருந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே வராது. ராமேஸ்வரம் போகிறவர்கள், போய்த் திரும்புகிறவர்கள், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் என்று வருஷம் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பரமக்குடி தாண்டும்போது போன் போட்டு, "மாப்ள, வந்துட்டோம், எங்க சாப்பிடலாம்?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. இரண்டு மாதம் முன்பே, "அங்க தை மாசம் காத்து எப்படி?" என்று விசாரிப்பவர்கள் இன்னொரு வகை.

திட்டம் போடாமல் கிளம்புவதுதான் சுகம் என்று பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் பார்த்தவரை, திடுதிப்பென்று வருகிறவர்கள் ராமேஸ்வரத்தில் பாதி நேரம் ரூம் தேடுகிறார்கள், மீதி நேரம் வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள். கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது மதியம் நடை சாத்தியிருக்கும். அதற்காக, திட்டம் போட்டு வந்தவர்கள் எல்லோரும் நிறைந்த மனதோடு திரும்புகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வருகிற சிக்கல் வேறு மாதிரி.

என் மனைவிக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. அவளுடைய பெரியப்பா, எனக்கு மாமா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போன தை மாதம் அவர் தலைமையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தலைமை என்று சும்மா சொல்லவில்லை. கார்த்திகையிலேயே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, நேரம், இடம், செலவு என்று கட்டம் கட்டி வைத்துவிட்டார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் எனக்குப் போன் வரும். "மாப்பிள்ளைங்க, ஒரு சந்தேகமுங்க." ஒரு நாள் 22 தீர்த்தமும் ஆட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். இன்னொரு நாள் முண்டு மிளகாய் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்பார். அந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த விஷயத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். மிளகாய் விளைகிற மாவட்டத்துக்காரனுக்குப் பொள்ளாச்சியிலிருந்து தகவல்.

நோட்டில் பாம்பன் பாலத்துக்கு மட்டும் இரண்டு பக்கம். பென்சிலில் படம் வேறு. பழைய பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது, 1964 டிசம்பர் புயலில் சிதைந்தது, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்தது, பக்கத்தில் சாலைப் பாலம் 1988-ல் வந்தது, புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது, அதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே ஏறி இறங்கும் என்பது வரை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். பழைய பாலம் இரண்டு பக்கமும் கைதூக்கித் திறக்கும், புதியது லிஃப்ட் மாதிரி போகும் என்று பேத்திக்குப் பென்சிலை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "பெரியப்பாவுக்கு ராமேஸ்வரமே வேண்டாம், நோட்டே போதும்" என்று என் மனைவி சிரிப்பாள்.

எனக்கு அந்த நோட்டைக் கேலி செய்ய மனசு வரவில்லை. அதற்குக் காரணம் மாமாவின் அக்கா. அவருக்கு முழங்கால் வலி, வேனில் ஏழெட்டு மணி நேரம் உட்கார முடியாது, வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்த இரண்டு மாதமும் பயணத்தில் அவரும் இருந்தார். வழிக்குப் புளிச்சோறு அவர் கைப்பக்குவம். உண்டியலில் போட வேண்டிய காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து பெயர் சொல்லிக் கொடுத்தார். கோடி தீர்த்தம் எடுத்து வர மூடி இறுக்கமான பாட்டில் ஒன்றைத் தேடிக் கழுவிக் காயவைத்தார். நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம், "அக்கா சொன்னவை" என்று. கிளம்புகிற பரபரப்பில் வர முடியாதவர்களை நாம் மறந்துபோகிறோம். ஆயத்த வேலையில் ஒரு பங்கை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் பயணத்தில் அவர்களுக்கும் பாத்தியதை வந்துவிடுகிறது. இதை நான் மாமாவிடம் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய காலத்துக் காசி யாத்திரை முறையை யோசித்துப் பார்த்தாலும் இதே கதைதான். முதலில் இங்கே வந்து சேதுவில் மணல் எடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து கங்கை நீரை எடுத்து வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. ராமேஸ்வரத்துக்கு முதல் தடவை வந்து சேர்வதே அடுத்து காசிக்குப் போவதற்கான ஆயத்தம். எது கிளம்பல், எது சேர்தல் என்று பிரிக்கவே முடியாத ஏற்பாடு.

சரி, எதற்கு ஆயத்தம் செய்யலாம்? என் அனுபவத்தில், உடம்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட ஈரத்தோடு கோயிலுக்குள் நடந்து, ஒவ்வொரு கிணற்றடியிலும் தலையில் வாளித் தண்ணீர் வாங்க வேண்டும். பிரகாரத் தரை முழுக்க ஈரமாக இருக்கும். வயதானவர்களைக் கைபிடித்து, சுவர் ஓரமாக நடத்திப் போங்கள். ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்கு விட மாட்டார்கள். அதனால் மாற்றுத் துணி வேண்டும், அது பையில் மேலாக இருக்க வேண்டும். ஒரே பெரிய பையில் எல்லோருடையதையும் திணித்து வைத்துவிட்டு, ஈரத்தோடு நின்று ஒருவர் துணியை ஒருவர் கிளறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு சின்னப் பை போதும். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியம், கூட்டத்தில் நனையாத ஆள் ஒருவர் வேண்டும். பை, பர்ஸ், செருப்பு, செல்போன் எல்லாம் அவர் பொறுப்பு. மாமா நோட்டில் அந்த இடத்தில் என் பெயரை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

தேதியும் முன்கூட்டியே பார்க்க வேண்டிய விஷயம். திதி கொடுக்க வருகிறவர்களுக்கு ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் தவிர்க்க முடியாதவை. சும்மா கடலும் கோயிலும் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களில் வரவே வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. மீன்பிடித் துறைமுகத்தில் மீன் இறங்குவதைப் பார்க்க ஆசை என்றால் இன்னொரு கணக்கு உண்டு. இங்கே விசைப்படகுகள் தினமும் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் அவர்கள், மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறார்கள். முதல் நாள் கடலுக்குப் போனால்தான் மறுநாள் காலை கரையில் மீன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் நிழல் என்ற பேச்சே கிடையாது. இருட்டும் முன் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்கிக் குளிக்கிற ஆசையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் இடம் அது.

இவ்வளவு சொல்கிற நான், கண்ணுக்கு மட்டும் ஆயத்தம் வேண்டாம் என்பேன். மாமாவிடம் வீடியோ பார்க்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அரிச்சல்முனையைத் தரையிலிருந்து, காரிலிருந்து, டிரோனிலிருந்து என்று எல்லாக் கோணத்திலும் பார்த்து முடித்துவிட்டார். அவர் மனைவி, எனக்கு அத்தை, ஒன்றுகூடப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை, ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை வாடைக்காற்று பலமாக அடித்தது. 2017-ல் ரோடு போட்ட பிறகு முனை வரைக்கும் வண்டியே போகிறது. அதற்கு முன்னால் மணலில் தடம் பார்த்து ஓட்டுகிற பழைய வேன்களில் குலுங்கிக்கொண்டுதான் போக முடியும். வேன் கதவைத் திறந்ததும் மணல் பறந்து வந்து கெண்டைக்காலில் ஊசி குத்துகிற மாதிரி பட்டது. மாமா வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அலை புரண்டு கொண்டிருந்தது. தெற்கே தண்ணீர் நீலமாக, ஏறக்குறைய சும்மா கிடந்தது. "மாப்பிள்ளைங்க, வீடியோவுல இது மாத்தி இல்லீங்களா இருந்துச்சு?" என்றார். இங்கே வடக்குக் கடலைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். சாதுவானது, முரட்டுத்தனமானது என்கிற அர்த்தத்தில். ஆனால் அது தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களுக்குச் சரி. வாடைக் காலத்தில் பெண் கடல்தான் ஆடும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். அவர் பார்த்த வீடியோவெல்லாம் ஆனி, ஆடியில் எடுத்ததாக இருக்கும். விளக்கினேன். அவர் உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். காற்றில் தாள் படபடத்தது, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

அத்தை அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, அலை வந்து தொடுகிற விளிம்பில் நின்றுவிட்டார். எது எந்தக் கடல் என்று கேட்கவில்லை. அலை பின்வாங்கும்போது காலடி மணல் கரைவதைக் குனிந்து பார்த்தார், ஓரடி நகர்ந்தார், திரும்பவும் பார்த்தார். மாமா கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, "அடுத்தது கோதண்டராமர் கோயிலுங்க" என்றார். அத்தை அசையவில்லை.

உத்திரகோசமங்கை கோயிலிலும் இதே மாதிரி ஒரு கூத்தை அடிக்கடி பார்ப்பேன். அங்கே மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் சந்தனம் களைவார்கள். பச்சைத் திருமேனியைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "மரகதமே தெரியலையே" என்று முகம் சுளித்துத் திரும்புகிறார்கள். ஒன்றும் தெரியாமல் வருகிற பாட்டி அந்தச் சந்தன உருவத்தைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். விவரம் தெரிந்துகொள்வது வேறு, பார்த்து முடித்துவிடுவது வேறு. பாலத்தின் வருஷத்தைப் படித்தால் பாலம் கெட்டுப்போகாது. படித்தது நல்லதுதான், பேத்தி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "தாத்தா, இதுதான் லிஃப்ட்டா?" என்று கத்தினாளே. பார்க்கப் போகிற காட்சியை மட்டும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

மாமாவுக்குத்தான் நஷ்டம் என்று அந்த மணலில் நின்றபோது நினைத்தேன். சாயங்காலம் அந்த நினைப்பு மாறிவிட்டது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டார். நோட்டு உள்ளே பையில். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது, கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் பூ மாதிரி பொடிப்பொடியாக ஓட்டை இருக்கிறது என்றார். அந்தச் சுவர் நிழலில் ஒரு நாய் தூங்கியது என்றார். சங்கு விற்கிற அம்மா பேத்தி காதில் சங்கை வைத்துவிட்டுக் காசு வாங்கவில்லை என்றார். இதையெல்லாம் எப்போது பார்த்தார் மனுஷன் என்று எனக்கு ஆச்சரியம். அவருக்கு ஊர் வந்து சேர்ந்தது அந்தத் திண்ணையில்தான், அக்காவிடம் சொல்லும்போதுதான். அத்தைக்குத் தண்ணீர் விளிம்பில். பேத்திக்குப் பாலத்தில். ஒரே வேனில் வந்தவர்கள்தான், ஆளுக்கொரு இடத்தில் போய்ச் சேர்கிறார்கள்.

அதிலிருந்து யார் வந்தாலும் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "உங்களுக்கு எது பார்த்தா வந்த மாதிரி இருக்கும்?" ஒருவர் தீர்த்தம் என்பார், ஒருவர் கலாம் நினைவிடம் என்பார், ஒருவர் நல்ல நண்டுக் குழம்பு என்பார். அந்த இடங்களில் நேரத்தைத் தாராளமாக விட்டுவிட்டு, மற்றதைச் சுருக்கிக்கொண்டால் யாருக்கும் குறை இருப்பதில்லை.

கீழக்கரையில் என்னோடு வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, துபாயில் வேலை. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டில் தொதல் கிண்டுவார்கள். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் இனிப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வருகிற வரை அடுப்படியில் கை ஓயக் கிண்ட வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் துடுப்பைப் பிடிப்பார்கள், பேச்சும் சிரிப்புமாக ஓடும். ஆயத்தத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த அடுப்படிக்குத்தான் போக வேண்டும். பிரச்சினை அவர் வந்து இறங்கிய பிறகு. வாசலில் சொந்தபந்தம், பெட்டியைப் பிரிப்பது, யாருக்கு என்ன என்ற கணக்கு, முதல் நாள் முழுக்க அதிலேயே போய்விடும். கிண்டிய தொதலை உட்கார்ந்து சாப்பிட அவருக்கு நேரமில்லை. அவர்களுடைய உம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் எல்லோருக்கும் தேதியை ஒரு நாள் தள்ளித்தான் சொல்வார். அந்த ஒரு நாள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். காக்கா தூங்குவார், எழுந்து சாப்பிடுவார், பிள்ளைகள் மேலே ஏறி விளையாடும். இது பொய் இல்லையா என்று கேட்டேன். "உம்மாகிட்ட போய்க் கேளுங்க" என்று சிரித்தார் நண்பர்.

இதைப் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வந்து இறங்கிய அன்று ஒன்றும் வைக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் ரூமுக்கு வந்த அரை மணியில் அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர்கள், உடம்பு வந்தும் மனசு இன்னும் பரமக்குடியில் இருக்கிற நிலையில்தான் ஓடுகிறார்கள். ஆயத்தத்துக்கும் ஒரு முடிவு நேரம் வேண்டும். அத்தை வீட்டில் சட்டம் போட்டிருக்கிறார்: கிளம்புகிறதுக்கு முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் பையைத் தொடக் கூடாது. விட்டுப்போனது விட்டுப்போனதுதான். ராமேஸ்வரத்தில் சோப்பு விற்காமலா இருக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆயத்தம் சுகம் என்று நான் எழுதுவதெல்லாம் ஓய்வு இருக்கிறவர்கள் கதை. பாம்பன் பக்கம் கடல் பாசி எடுக்கிற பெண்கள் தண்ணீருக்குள் போகும் முன் விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பாறை அறுத்துவிடும் என்பதற்காக. கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப் பையைக் கட்டி, காலில் தகடு மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பாசி திரும்ப வளரட்டும் என்று. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான். பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, வலை பொத்துவது எல்லாம் கடன் வாங்கிச் செய்கிற வேலை. ஆனாலும் ஜூன் மாதம் தடை முடியப் போகிற நாட்களில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஐஸும் டீசலும் ஏறும், புதுப் பெயிண்ட் வாசனை அடிக்கும், கடலுக்குப் போகிற அனுமதி டோக்கன் வாங்க ஆட்கள் நிற்பார்கள். கவலை இருக்கும், ஆனால் அந்த முகங்களில் அது மட்டுமே இருக்காது.

மாமா இப்போது இரண்டாவது நோட்டு வாங்கிவிட்டார். இந்தத் தடவை அக்காவையும் கூட்டி வரப் போகிறார், மெதுவாக, மதுரையில் ஒரு ராத்திரி தங்கி. உப்பூர் பிள்ளையார், தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை, அவ்வளவுதான். கட்டத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார், "உட்கார இடம்" என்று. வந்து இறங்குகிற நாளுக்கு நேராக "சும்மா" என்று எழுதியிருப்பதாகவும் சொன்னார். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை சும்மா என்றும் குறித்திருக்கிறாராம். அதை நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி வழக்கம்போல் போன் வந்தது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் போகிற அந்த நடைபாதையில் சக்கர நாற்காலி தடங்கல் இல்லாமல் உருளுமா என்று கேட்டார். எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.